இருபத்தேழாம் பக்கத்து முக்கோணம்

போன மாதம் நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவன் என்று என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். புதிய மென்பொருளைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். உறுப்பினர் எண்ணைத் தட்டினால் அவர் சேர்ந்த நாளிலிருந்து எடுத்த புத்தகம் மொத்தமும் வரிசையாக வந்து நிற்கிறது. முன் வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "சார், உங்க காலத்துல ஒருத்தர் என்னென்ன படிச்சாருன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க மாட்டோம்மா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பு மூட்டச் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்திருந்த நேரத்தில் அதை விளக்க முடியாது என்பதால் நானும் சிரித்துவிட்டு இறங்கிவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நூலகச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று படித்தேன். எதைப் படித்தேன் என்பது இப்போது முக்கால்வாசி மறந்துவிட்டது. வேலை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் ஒரு சிறிய கிளை நூலகம். இரண்டு அறை, ஒரு நூலகர், உதவியாளனாக நான், பெருக்கிச் சுத்தம் செய்ய அஞ்சலை அக்கா. அவ்வளவுதான் பணியாளர்கள்.

அப்போதைய முறை இது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். வாசகர் புத்தகம் எடுத்தால், அந்த அட்டையை உருவி, டிக்கெட் என்று நாங்கள் சொல்லும் அவருடைய பெயர் எழுதிய சின்ன உறைக்குள் செருகி, தேதி வரிசையில் ஒரு மரத் தட்டில் அடுக்கி வைப்போம். திருப்பிக் கொடுத்ததும் அட்டை புத்தகத்துக்குள், டிக்கெட் அவர் கைக்கு. அதோடு முடிந்தது. அவர் அதைப் படித்தார் என்பதற்கு உலகத்தில் ஒரு தடயமும் கிடையாது.

இதில் வாசகர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. துப்பறியும் கதை, உளவுக் கதை, போர் வரலாறு என்று படிக்கிறவர்களுக்கு எது படித்தது, எது படிக்காதது என்று தெரியாது. மேலட்டைப் படங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: ஒரு தொப்பிக்காரன், ஒரு துப்பாக்கி, ஒரு பெண். அதனால் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எங்கள் நூலகத்தில் முதல் பக்கத்தில் முத்திரை குத்துவது போக, உள்ளே ஒரு பக்கத்திலும் குத்துவோம். திருடுகிறவன் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் நம்முடையது என்று காட்டுவதற்காக. எங்களுக்கு அது இருபத்தேழாம் பக்கம். அந்த முத்திரைக்குப் பக்கத்தில், பென்சிலால், ஒவ்வொருவரும் ஆளுக்கொரு குறி போட்டுவிடுவார்கள். மின்வாரிய லைன்மேனுக்கு மின்னல் கோடு. ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவருக்கு V. கிராம செவிலியர் ஸ்டெல்லா சிஸ்டருக்குக் கூட்டல் குறி. புத்தகத்தை எடுத்ததும் எல்லோரும் நேரே இருபத்தேழைத்தான் திருப்புவார்கள். தன் குறி இருந்தால் திரும்ப அலமாரியில் செருகிவிடுவார்கள்.

ஜெயசீலனின் குறி முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி.

வடக்குப்பட்டுப் பையன். ஐடிஐ முடித்து ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி என்கிற நிலையில் தொண்ணூற்றொன்றாம் வருஷம் இருந்தான். உளவு சம்பந்தமாக எங்களிடம் இருந்தது ஓர் அலமாரி. கதையும் உண்மையும் கலந்து கிடக்கும். உலகப் போர், பனிப்போர், இரட்டை ஒற்றர்கள், சங்கேத மொழியை உடைத்தவர்கள். அதைப் பாதிக்குமேல் முடித்துவிட்டான். ஒரு நாள் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "கதைல உளவாளியக் கண்டுபிடிச்சா கதை முடிஞ்சி போவுதுண்ணா. வரலாறுல அப்பிடி இல்ல. புடிச்சித் தூக்குல போட்டுட்றான். இருபது வருசம் கழிச்சி, அந்தாளு உளவாளியே இல்லன்னு இன்னொருத்தன் பொஸ்தகம் எழுதறான்."

"அப்ப எதுக்குடா ரெண்டையும் படிக்கற?"

"கத தூக்கம் வர்றதுக்கு. வரலாறு தூக்கம் போறதுக்கு."

இப்போது நூலகர் கங்காதரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரிப்பார். எந்தத் தாள் வந்தாலும் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதித் தேதி போடுவார்; சம்மதம் என்றோ மறுப்பு என்றோ எழுதி நான் கண்டதில்லை. குரலை உயர்த்த மாட்டார். எதைக் கேட்டாலும், "செய்யலாம் தம்பி. தணிக்கையில கேட்டா என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிச்சிக்க" என்பார். சுவரில் 'நூல்களில் எழுதாதீர்' என்று அவரே பலகை எழுதி மாட்டியிருந்தார். ஆனால் அவரும் அந்த உளவு அலமாரிப் பைத்தியம்தான். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு படிப்பார். முடித்ததும் இருபத்தேழில் ஒரு சின்ன வட்டம் போடுவார். எங்களுக்கெல்லாம் தெரியும். ஜெயசீலனும் அவரும் ஒரே ருசி உள்ளவர்கள் என்பதால், அந்த அலமாரியில் அனேகமாக எல்லாப் புத்தகத்திலும் முக்கோணமும் வட்டமும் அருகருகே இருக்கும்.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். தேர்தல் கூட்டத்தில் வெடித்த குண்டைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் இருந்தவர்கள் எப்படி இருந்தோம் என்பதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. வீடு வீடாக விசாரணை வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஆட்கள். எங்கள் ஊர் எது, ஏரி எது, யார் யாருக்கு மாமன் என்று ஒன்றும் அறியாதவர்கள். அவர்களுக்கு எல்லாமே சந்தேகம்.

ஜெயசீலன் வீட்டில் ஒயர் இருந்தது, பழைய பேட்டரி இருந்தது; பட்டறைக்காரன் வீட்டில் வேறென்ன இருக்கும். எங்கள் நூலகப் புத்தகம் இரண்டும் இருந்தன. ஒன்று போர்க்கால நாசவேலைகளின் வரலாறு. இன்னொன்று உளவு நாவல். இரண்டிலும் இருபத்தேழாம் பக்கத்தில் முக்கோணம், பக்கத்தில் வட்டம்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஆய்வாளர் ஒருவர் ஜீப்பில் எங்களிடம் வந்தார். அந்த அலமாரியிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து இருபத்தேழைத் திருப்பிப் பார்த்தார். முக்கோணம், வட்டம். முக்கோணம், வட்டம். மற்றக் குறிகளும் வேறு புத்தகங்களில் அங்கங்கே இருந்தன. அவர் கண்ணில் படவில்லை, தேடிய இரண்டு மட்டுமே பட்டன. இருவர் பரிமாறிக்கொண்ட சங்கேதம் என்று நினைத்து, ஒரு கட்டு நிறைய எடுத்துக்கொண்டார்.

"குறிப்பா இந்தப் பக்கம் ஏன்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'ரகசியப் பக்கம்'. கங்காதரன் சார் என் காலை மிதித்தார். "அலுவலக முத்திரைப் பக்கம் சார்" என்றார் பணிவாக. ஜீப் போன பிறகு என்னிடம், "அந்த வார்த்தைய மட்டும் எங்கயும் சொல்லிடாத தம்பி" என்றார். அது நல்ல புத்திதான். ஆனால் தன் வட்டத்தை நினைத்துத்தான் அதைச் சொன்னார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் ஜெயசீலனின் அம்மா வந்து வாசல்படிக்கு வெளியே நின்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். நூலகத்துக்குள் அவள் வந்ததே இல்லை.

"தம்பி, எம்புள்ள இன்னா பண்ணான்? வூட்ல குந்திக்கினு பொஸ்தகம்தானே படிச்சான். ஊர்ல அத்தினி பேரு குடிக்கறான், அவன எல்லாம் வுட்டுட்டு, படிச்சவனப் போயி..." செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அந்தக் கோடு இன்னாத்துக்குன்னு கேக்கறாங்களாம். நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்கன்னு சொல்றாங்கோ. சார், நீங்களாவது சொல்லுங்க."

கங்காதரன் சார் எழுந்து நின்று கேட்டார். மரியாதையான மனிதர். "சொல்றேம்மா. நேரம் பார்த்துச் சொல்றேன். நீங்க போங்க" என்றார். அவள் அவரைக் கும்பிட்டாள்.

அவள் போனதும் நான் சொன்னேன்: "சார், இன்னைக்கே போயிடலாம். எல்லா வாசகரும் போடறதுதான்னு பத்து புத்தகம் எடுத்துட்டுப் போய்க் காட்டினாப் போதும்."

"போகலாம் தம்பி. நீ மொதல்ல காஞ்சிபுரம் போய் புதுப் புத்தகக் கட்ட எடுத்துட்டு வந்துடு. ரொம்ப நாளா கிடக்கு."

மறுநாள் போனேன். வாலாஜாபாத்தில் பஸ் பழுதாகி நின்று, சாயங்காலம்தான் கட்டோடு திரும்பினேன். உள்ளே அஞ்சலை அக்கா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குப்பை முறத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப் பொடியாகத் திரண்டு கிடந்தது.

"இன்னாக்கா இது?"

"ரப்பர் தூளு. சார் ஒரு டப்பா ரப்பர் வாங்கியாந்தாரு. காலைலேர்ந்து நானும் அவரும் குந்திக்கினு அழிச்சிக்கினே கீறோம். எனக்கு எழுத்து தெரியாதுன்னேன். முத்திர எங்க கீதுன்னு தெரியுமில்ல, அது பக்கத்துல இருக்கறத அழின்னாரு. கை வுட்டுப் போச்சு."

அலமாரிக்குப் போனேன். ஒரு புத்தகம், இன்னொரு புத்தகம், கீழ்த்தட்டில் ஒன்று. குடும்பக் கதை, சமையல், சோதிடம் வரைக்கும் எல்லாம் சுத்தம். மின்னல் இல்லை, V இல்லை, கூட்டல் இல்லை. ஆய்வாளர் எடுத்துப்போன கட்டில் மட்டும்தான் இனிக் குறி இருக்கும் என்று நினைத்தேன்.

கங்காதரன் சார் கை அலம்பிக்கொண்டு வந்தார். "இருப்பு சரிபார்ப்பு வருது தம்பி. புத்தகம் சுத்தமா இருக்கணும்."

"சார், ஜெயசீலன் அங்க என்ன சொல்லுவான்? எல்லாரும் போடுவாங்கன்னு சொல்லுவான். அவங்க வந்து பாத்தா..."

அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. ஜெயசீலன் உள்ளதைச் சொல்லியிருந்தான்: குறி போடுவது எங்கள் நூலகத்து வழக்கம், வட்டம் நூலகர் சாருடையது. அதைச் சரிபார்க்க ஆய்வாளர் வந்தார். அலமாரியிலிருந்து கைக்கு வந்ததை எல்லாம் எடுத்து இருபத்தேழைப் பார்த்தார். பிறகு கங்காதரன் சாரைப் பார்த்தார்.

"இங்க அப்படி ஒரு பழக்கமே கிடையாது சார்" என்று சார் பலகையைக் காட்டினார். "நான் அரசு ஊழியன். என் நூலகத்துப் புத்தகத்துல நானே கிறுக்குவேனா?"

நான் சொன்னேன்: "இருந்தது சார். அழிச்சிட்டாங்க. வெளிச்சத்துல புடிச்சிப் பாருங்க, தாள் தேஞ்சிருக்கும்."

கங்காதரன் சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆய்வாளரிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி வேலைக்குப் புதுசு. வீட்டுல இவர்தான் மொதல் படிப்பு. அந்தப் பையனும் இவரும் நல்ல சிநேகம் சார். பாவம், மனசு கேக்கல."

ஆய்வாளர் என்னை முதன்முறையாக முழுசாகப் பார்த்தார். "நீயும் இந்த மாதிரி புத்தகமெல்லாம் படிப்பியா?"

அந்தக் கேள்வியின் எடை அந்த வருஷம் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். படிப்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எனக்கு மரத் தட்டு ஞாபகம் வந்தது. வாசகர்கள் வீட்டுக்குக் கொண்டு போயிருந்த புத்தகங்கள் வெளியேதான் இருந்தன. சாரின் ரப்பர் அவற்றைத் தொடவில்லை. டிக்கெட்டுகளைப் பார்த்து, சைக்கிளில் ஒவ்வொரு வீடாகப் போனேன். லைன்மேன் தன் மின்னலைத் தானே அழித்துவிட்டு, கூடவே மற்றவர்களுடையதையும் அழித்து வைத்திருந்தார். "எதுக்குப்பா வம்பு" என்றார். ஹவில்தார் புத்தகத்தைக் கிணற்றில் போட்டுவிட்டதாகச் சொன்னார். எல்லையில் காவல் நின்றவர். "எனக்குப் பென்ஷன் வருதுப்பா" என்று மட்டும் சொன்னார். இன்னொரு வீட்டில் வெந்நீர் அடுப்பில் எரித்திருந்தார்கள். நூலக முத்திரையுள்ள புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டிருந்தது.

ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் துணை சுகாதார நிலையத்து மேஜையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்போதும் படித்துக்கொண்டிருந்தார். இரட்டை ஒற்றன் ஒருவனைப் பற்றிய நாவல்.

"பிரசவ கேஸுக்குக் காத்துக்கினு இருக்கறப்ப இதான்பா நமக்குத் தொண. பக்திப் பொஸ்தகம் குடுத்தா தூங்கிடறேன்."

இருபத்தேழைத் திருப்பினேன். மின்னல், V, முக்கோணம், வட்டம், ஒரு மீன், யாருடையதோ ஒரு நட்சத்திரம். கீழே கூட்டல் குறி.

"சிஸ்டர், இன்னும் முடிக்கலியே, அதுக்குள்ள குறி போட்டுட்டீங்க?"

"யாரு கொலகாரன்னு கடைசிப் பக்கம் மொதல்லியே பாத்துட்டேன்" என்றார். அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிற்று. ஜெயசீலன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவர் அவர்தான். வெள்ளைப் புடவையை ஒருமுறை உதறிச் சரிசெய்தார். "வா போலாம்" என்றார்.

விசாரணைக்காரர்கள் தங்கியிருந்த பயணியர் விடுதிக்குப் போனோம். வராந்தாவில் நெடுநேரம் காத்திருந்த பிறகு ஆய்வாளர் கூப்பிட்டார். சிஸ்டர் புத்தகத்தை விரித்து வைத்து, தன் குறியின் மேல் விரலை ஊன்றினார்.

"இது என்னுது. எனக்கும் விசாரணை உண்டா சார்?"

ஆய்வாளர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு குறிகள். வாய்விட்டு எண்ணினார். பிறகு ஆளனுப்பிக் கங்காதரன் சாரை அழைத்துவரச் சொன்னார்.

சார் வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள்; கைக்குட்டையை எடுத்தவர், விரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் அவரிடமே பேசினார். "இந்த வட்டம் யாருதுன்னு சொல்லுங்க சார். இத நான் எடுக்கறப்ப, 'படிங்க சிஸ்டர், ஆனா முடிவு சப்புன்னு கீது'ன்னு நீங்கதானே சொன்னீங்க. சொன்னீங்களா, இல்லியா?"

"நினைவில்ல" என்றார் சார்.

"ஏன் அழிச்சீங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"தணிக்கை வருது சார்."

ஆய்வாளர் புத்தகத்தை மூடினார். அவர் கோபப்பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் கோபம் எதற்கு என்பதுதான் என்னை இன்றைக்கும் குடைகிறது. "இந்த வட்டத்தத் தேடி எத்தன பேர அலைய வச்சிட்டேன் தெரியுமா? ஒரு ரப்பர வச்சி என் வேலையவே கெடுத்துட்டீங்களேய்யா" என்றார். அவருடைய வேலை. உள்ளே இருந்தவனின் பெயரை அவர் சொல்லவில்லை.

"அப்ப ஜெயசீலன் சார்?" என்று நான் கேட்டேன்.

"பேரு மேல போயிருக்கு. கீழ வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

கொஞ்ச நாள் என்பது மழைக்காலம் வரைக்கும் நீண்டது. அவன் வெளியே வந்தபோது வலது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. ஃபிட்டருக்கு விரல்தான் எல்லாம். தொழிற்சாலையிலிருந்து பதில் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது: விசாரணைக்கு உட்படுத்தப்பட்டவர் என்பதால் நியமனத்துக்கில்லை. அவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று யாரும் எழுதித் தரவில்லை. குற்றமே பதிவாகாதபோது, இல்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டார்களாம்.

இருப்பு சரிபார்ப்பும் வந்தது. வந்த அதிகாரி, இவ்வளவு சுத்தமாக நூல்கள் பராமரிக்கப்படும் கிளையைப் பார்த்ததில்லை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார். கங்காதரன் சார் அதன் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம், நிர்வாக நலன் கருதி என்று எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் எந்தக் குறையும் இல்லாமல் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். நான் போகவில்லை. அவர் கெட்டவர் என்று சொன்னால் என் மனம் ஆறியிருக்கும். பயந்தவர், அவ்வளவுதான். ஆனால் அவருடைய பயத்துக்கான விலையை இன்னொருவன் கட்டினான். இதை நான் அவரிடம் ஒருமுறைகூட நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், தணிக்கையில் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்திருப்பார்.

பல வருஷம் கழித்துப் பதவி உயர்வில் ஒரகடம் பக்கமே நூலகராக வந்தேன். அதற்குள் சுற்றிலும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, உதிரிபாகக் கம்பெனி. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணோடு வாசலில் நின்றார். சட்டையில் ஏதோ காண்ட்ராக்ட் நிறுவனத்தின் பெயர். ஜெயசீலன். தலை நரைத்திருந்தது. பாகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை. அதற்கு விரல் மடங்க வேண்டியதில்லை என்றான்.

அந்தப் பெண் அவன் மகள்; அவள் கையில் உறுப்பினர் படிவம் இருந்தது. பள்ளியில் எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். முழுக்க அவளே பூர்த்தி செய்திருந்தாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"ஒரு மாசமா அடம் புடிக்குதுண்ணா. நான் போட மாட்டேன்னுட்டேன்" என்றான். "நீங்க சொன்னா கேக்கும். இங்கியே குந்திப் படிச்சிட்டு வரட்டும். வூட்டுக்கு எடுத்துக்கினு வர வேணாம். பேரு எழுதவும் வேணாம்."

"இப்ப அப்படியெல்லாம் இல்லப்பா" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். உண்மையாகவே கேட்டுக்கொண்டு நின்றான். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்தப் பெண்ணும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊர் ஊராகப் போய், உறுப்பினர் ஆகுங்கள், ஆகுங்கள் என்று ஆள் பிடித்தவன் நான். அந்தப் படிவத்தை அவள் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்து மேஜை இழுப்பறையில் போட்டேன்.

"உள்ள வாம்மா" என்றேன். "பேரு வேணாம். என்ன படிக்கணும், சொல்லு."